பழைய ராணுவ டாங்கிக்கு ஆர்.சி. வாங்க முடியுமா?

பல்லடம் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "இங்கிலாந்தில் பழைய டாங்கியை வாங்கிச் சரிபண்ணி, நம்பர் போட்டு, கடைவீதிக்கே ஓட்டிக்கொண்டு போகிறார்கள். கோயமுத்தூர் லேத் பட்டறையில் செய்ய முடியாத பார்ட் என்று எதுவும் இல்லை. நானும் ஒரு விஜயந்தாவோ ரஷ்ய டாங்கியோ வாங்கி ரெடி பண்ணி, முறைப்படி ஆர்.சி. எடுத்து அவினாசி ரோட்டில் ஓட்ட முடியுமா? முடியாது என்றால், அதற்குப் பக்கத்தில் எது முடியும்?"

செயினில் ஓடும் டாங்கிக்கு இங்கே ஆர்.சி. கிடைக்காது. டயரில் ஓடும் பழைய ராணுவ வண்டிக்குக் கிடைக்கும், ஆனால் வண்டியை வாங்குவதற்கு முன்பே அதன் காகிதத்தைச் சரிபார்த்திருக்க வேண்டும். ராணுவத்தில் வண்டிகளையும் இயந்திரங்களையும் பழுதுபார்க்கும் இ.எம்.இ. பிரிவில் இருந்துவிட்டு வந்து, இப்போது பழைய ஜீப்புகளைச் சீரமைக்கும் வேலையில் இருப்பவன் என்ற முறையில், இரண்டையும் விளக்கமாகவே சொல்கிறேன்.

முதலில் இங்கிலாந்துக் கதை. நீங்கள் பார்த்த வீடியோ பொய்யில்லை. அங்கே டிரைவிங் லைசென்சிலேயே செயின் வண்டிக்கென்று 'ஹெச்' என ஒரு தனிப் பிரிவு இருக்கிறது. அதற்குத் தேர்வு எழுதி, ஓட்டிக் காட்டி வாங்கலாம். நாற்பது வருடத்தைத் தாண்டிய வண்டிக்குச் சாலை வரியில் விலக்கு உண்டு. பீரங்கியைச் சுடவே முடியாதபடி செய்து சான்று வாங்க வேண்டும், செயினின் ஒவ்வொரு கண்ணியிலும் ரப்பர் பேட் இருக்க வேண்டும், லைட்டும் கண்ணாடியும் பொருத்த வேண்டும். அப்புறம் இன்னொன்றையும் கவனியுங்கள். அங்கே தெருவில் பெரும்பாலும் ஓடுபவை நாம் நினைக்கிற 40 டன் டாங்கிகள் இல்லை. எஃப்.வி.432 என்ற வீரர்களை ஏற்றிச் செல்லும் 15 டன் வண்டி, ஸ்கார்பியன் என்ற 8 டன் சின்ன டாங்கி, இந்த மாதிரிதான். ஸ்கார்பியனின் அகலம் இரண்டேகால் மீட்டருக்குள் அடங்கிவிடும், நம்ம ஊர் லாரியைவிடக் குறைவு. பெரிய டாங்கிகளை அங்கேயும் பெரும்பாலும் டிரெய்லரில் ஏற்றித்தான் கண்காட்சிக்குக் கொண்டுபோகிறார்கள்.

இப்போது நம்ம நாட்டுக்கு வருவோம். டாங்கி முழுசாகக் கைக்குக் கிடைப்பதே முதல் சிக்கல். 1959-ஆம் வருட ஆயுதச் சட்டத்தில் "தடைசெய்யப்பட்ட ஆயுதம்" என்பதற்குள் பீரங்கி நேரடியாகவே வருகிறது. மத்திய அரசின் தனி அனுமதி இல்லாமல் அதைத் தனியார் யாரும் வைத்திருக்கக் கூடாது. ஆயுதத்தின் பாகங்களும் ஆயுதமாகவே கணக்கு. அதனால் வெறும் குழாய்தானே என்று விஜயந்தாவின் 105 மில்லிமீட்டர் பீரங்கிக் குழாயைத் தோட்டத்தில் வைத்துக்கொள்ள முடியாது. ஓய்வு பெற்ற டாங்கிகள் சிலவற்றை, ஆயுதத்தைச் செயலிழக்க வைத்து, போர் நினைவிடங்களுக்கும் கல்லூரிகளுக்கும் காட்சிக்காக ராணுவம் தருகிறது. மேடை கட்டி நிறுத்தி வைக்கத்தான் அது, ஓட்டுவதற்கு இல்லை. மற்றவை வெட்டிய இரும்பாகத்தான் வெளியே வரும். "முழு டாங்கி இருக்கிறது, அட்வான்ஸ் கொடுங்கள்" என்று யாராவது போனில் சொன்னால் அந்தப் பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ளுங்கள்.

சரி, எப்படியோ ஒன்று கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். ஆர்.டி.ஓ. ஆபீஸில் என்ன ஆகும்? 1988 மோட்டார் வாகனச் சட்டம் 2(28)-ஆம் பிரிவு, சாலையில் ஓடுவதற்கு ஏற்ற இயந்திர வண்டியைத்தான் மோட்டார் வாகனம் என்கிறது. 1989 மத்திய மோட்டார் வாகன விதிகள் காற்றடைத்த டயரைக் கேட்கின்றன. அகலம் 2.6 மீட்டரைத் தாண்டக் கூடாது என்கின்றன. விஜயந்தாவின் அகலம் சுமார் 3.17 மீட்டர், எடை 39 டன்னை ஒட்டி வரும். டயரிலும் அடிபடுகிறது, அகலத்திலும் அடிபடுகிறது.

இதற்கு நம்ம ஊரில் தினமும் கண்ணில் படும் உதாரணம் ஒன்று இருக்கிறது. கிணறு வெட்ட, காடு திருத்த வரும் ஜேசிபி டிஎன் நம்பரோடு தானாகவே ரோட்டில் வருகிறது. அதே வேலைக்கு வரும் செயின் ஹிட்டாச்சி லாரியில் ஏறித்தான் வருகிறது, லாரியில் ஏறித்தான் திரும்புகிறது. இரண்டும் மண் அள்ளும் இயந்திரம்தான். ஆனால் கட்டுமான வாகனத்துக்கு விதிகள் தரும் விளக்கத்தில் ரப்பர் டயர், ரப்பர் பேட் பொருத்தியது, ரோடு ரோலர் மாதிரி இரும்பு உருளை வைத்தது என்றுதான் வருகிறது, இரும்புச் செயின் வரவில்லை. "அப்படியானால் டாங்கிக்கு ரப்பர் பேட் போட்டு இந்த வகையில் நுழைக்கலாமே" என்று உங்களுக்குத் தோன்றும். முடியாது. அந்த விளக்கம் எக்ஸ்கவேட்டர், லோடர் மாதிரி வேலை செய்யும் இயந்திரங்களுக்கானது. டாங்கி எந்த வேலைக்கான இயந்திரம் என்று விண்ணப்பத்தில் எழுதுவீர்கள்?

இந்த விதி வெறும் பிடிவாதம் இல்லை, அதற்குக் காரணம் இருக்கிறது. நம்ம நெடுஞ்சாலைப் பாலங்கள் டாங்கியைத் தாங்காது என்று நினைக்காதீர்கள். சாலைக்கும் பாலத்துக்கும் தரம் வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பின் '70ஆர்' என்ற சுமைக் கணக்கில் 70 டன் எடையுள்ள செயின் வண்டி ஒன்று பாலத்தின் மேல் நிற்பதாக வைத்துத்தான் வடிவமைக்கிறார்கள். செயின் தரையில் படும் நீளம் 4.57 மீட்டர், அகலம் 0.84 மீட்டர் என்றுகூட அதில் கணக்கு இருக்கிறது. செயின் எடையைப் பரப்பிவிடுவதால் நேராகப் போகும்போது தரையில் விழும் அழுத்தமும் குறைவுதான். பிரச்சினை திரும்பும்போது வருகிறது. காரைப் போலத் திருப்பிவிடும் முன்சக்கரம் டாங்கிக்குக் கிடையாது. ஒரு பக்கச் செயினை மட்டுப்படுத்தி, மறுபக்கச் செயினை ஓடவிட்டுத்தான் திரும்ப வேண்டும். அப்போது அத்தனை டன்னும் பக்கவாட்டில் தேய்கிறது. இரும்புப் பற்கள் தாரைக் கிழித்துக்கொண்டு போகும். கரூர், ஈரோடு பக்கம் சித்திரை மாத மத்தியானத்தில் தார் இளகிக் கிடக்கும்போது ஒரு ரவுண்டானாவைச் சுற்றினால், அந்த ரவுண்டானாவுக்குப் புதிதாக ரோடு போட வேண்டியதுதான். ராணுவமே டாங்கியை நீண்ட தூரத்துக்கு ரயிலிலோ டிரெய்லரிலோதான் அனுப்புகிறது. ரோட்டுக்காக மட்டும் இல்லை, செயினும் பேடும் தேய்ந்து செலவு வைக்கும் என்பதற்காகவும்தான்.

சொந்தத் தோட்டத்துக்குள் ஓட்டினால் என்ன என்று கேட்பீர்கள். பொதுமக்கள் வந்துபோக உரிமை உள்ள இடத்தைத்தான் சட்டம் 'பொது இடம்' என்கிறது. நான்கு பக்கமும் வேலி போட்ட உங்கள் காட்டுக்குள் மட்டும் ஓடும் செயின் வண்டி, சாலையில் ஓடுவதற்கு ஏற்றதல்ல என்பதால் மோட்டார் வாகனக் கணக்கிலேயே வராது, அதனால் பதிவு தேவைப்படாது. ஆனால் இரண்டு காட்டுக்கு நடுவில் இட்டேரி, அதாவது வேலிகளுக்கு இடையிலான பொதுவழி, போகிறது என்றால், அதைக் குறுக்கே கடக்கும் பத்தடிகூடப் பொது இடம்தான். வழித்தட உரிமை உள்ள பாதைக்கும் இதே கணக்கு. அந்தப் பத்தடியில் யாருக்காவது அடிபட்டால், இன்சூரன்ஸ் இல்லாத வண்டியால் வந்த முழு நஷ்டமும் உங்கள் தலையில் விழும்.

இடம் மாற்ற வேண்டும் என்றால் தாழ்வான தளம் உள்ள லோ-பெட் டிரெய்லர்தான் வழி. 2.6 மீட்டருக்கு மேல் அகலமான சரக்கு என்பதால் ஓடிசி, அதாவது அளவு மீறிய சரக்குக்கான அனுமதி வாங்க வேண்டும். உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலை இறக்கைகள் போவதைப் பார்த்திருப்பீர்களே, அதே முறைதான். சங்ககிரி, நாமக்கல் பக்கம் இதைத் தொழிலாகவே செய்யும் டிரெய்லர்காரர்கள் இருக்கிறார்கள். ஊருக்குள் தாழ்வாகத் தொங்கும் ஈ.பி. லைன், கோயில் தோரண வாயில் எல்லாவற்றையும் முதல் நாளே ஒருவர் பைக்கில் போய்ப் பார்த்துவிட்டு வருவது அவசியம்.

டாங்கி பேச்சு இத்தோடு போதும். உங்களுக்கு ராணுவ வண்டி மேல் உண்மையான பிரியம் இருந்தால், மேட்டுப்பாளையம் வழியாக வெலிங்டன் ராணுவ முகாமுக்கு ஏறும் பச்சை லாரிகளைப் பார்த்து வளர்ந்தவராக இருந்தால், சக்கரம் வைத்த வண்டிக்கு வாருங்கள். அங்கே கதவு திறந்துதான் இருக்கிறது.

ராணுவ வண்டிகளை மோட்டார் வாகனச் சட்டத்தின் 60-ஆம் பிரிவின் கீழ் ராணுவமே பதிவு செய்துகொள்கிறது. மேல்நோக்கிய அம்புக்குறியோடு தொடங்கும் அந்த நம்பர், வண்டி ராணுவத்தை விட்டு வெளியே வந்ததும் செல்லாது. அதன்பின் மற்ற வண்டிகளைப் போல அதையும் பதிய வேண்டும் என்று அந்தப் பிரிவே சொல்கிறது. பதிவுக்கு வேண்டிய காகிதங்கள் மத்திய விதிகளில் 47-ஆம் விதியில் இருக்கின்றன. அதில் ராணுவ வண்டிக்கென்றே ஒரு வரி உண்டு: சம்பந்தப்பட்ட ராணுவ அதிகாரி கொடுத்த அசல் விற்பனைச் சான்று, ஃபார்ம் 21-இல். ஷோரூம்காரர் புது வண்டிக்குக் கொடுக்கிற அதே ஃபார்ம்தான். ஏல வண்டிக்கு ராணுவ அதிகாரி கையெழுத்துப் போடுவார். இந்த ஒரு தாள் இல்லையென்றால் வண்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் அது பழைய இரும்பு விலைக்குத்தான் பெறும். ஜெராக்ஸ் இருக்கிறது, அசல் மாமா வீட்டில் இருக்கிறது என்ற பேச்செல்லாம் வேண்டாம். ஏலத்தில் எடுத்தவர் ஒருவர், அவரிடம் வாங்கியவர் ஒருவர், அவரிடம் நீங்கள் வாங்குகிறீர்கள் என்றால் நடுவில் உள்ள ஒவ்வொரு கை மாறியதற்கும் காகிதம் வேண்டும்.

தாள் கையில் இருந்தால் அடுத்தது சேஸ் நம்பர், அதாவது வண்டியின் ஃப்ரேமில் இருக்கும் எண். இதில் நான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வேன், நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள். ராணுவத்தில் ஒரு வண்டி ஓய்வு பெறுவதற்குள் பெயிண்ட் மேல் பெயிண்ட் ஏறிவிடும். போர்க்கால வில்லிஸ் எம்.பி. ஜீப்பில் முன் பம்பருக்குப் பின்னால், இடது பக்க ஃப்ரேமின் உட்புறத்தில் நம்பர் தகடு இருக்கும். ஃபோர்டு செய்த அதே ஜீப்பான ஜி.பி.டபிள்யூ.வில் ஃப்ரேமின் மேல்புறத்திலேயே நேரடியாகக் குத்தியிருப்பார்கள். கிரைண்டர் வைத்துத் தேய்க்கவே கூடாது. பெயிண்ட் ரிமூவர் தடவி, கொஞ்சம் ஊறவிட்டு, மர ஆப்பால் சுரண்டி, துணியால் துடைத்துப் பாருங்கள். எழுத்து தெரிந்ததும் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் அச்சு அப்படியே விழும். ஆர்.டி.ஓ. ஆபீஸில் பிரேக் இன்ஸ்பெக்டரும் இந்த அச்சைத்தான் பார்ப்பார். ஒரு எழுத்தின் விளிம்பில் வெல்டிங் தடம் தெரிந்தாலோ, எண்கள் கோணல்மாணலாக இருந்தாலோ அந்த வண்டியை விட்டுவிடுங்கள். என்ஜின் நம்பர் பொருந்தாமல் இருப்பதற்கு நியாயமான காரணம் இருக்கலாம், ராணுவப் பட்டறைகளில் ஓவர்ஹால் நடக்கும்போது என்ஜின் மாறுவது சகஜம். ஆனால் ஃபார்ம் 21-இல் எழுதியிருக்கும் என்ஜின் நம்பர் இப்போது வண்டியில் இருப்பதாக இருக்க வேண்டும்.

அடுத்து பெயிண்ட். ராணுவ வண்டி என்றால் ராணுவப் பச்சையில்தான் இருக்க வேண்டும் என்று நிறையப் பேர் ஆசைப்படுகிறார்கள். மத்திய விதிகளில் 121-ஆம் விதி, பாதுகாப்புத் துறை வண்டி தவிர வேறு எந்த வண்டிக்கும் ஆலிவ் பச்சை அடிக்கக் கூடாது என்று சொல்கிறது. தெருவில் அந்த நிறத்தில் ஜீப்புகள் ஓடுகின்றனவே என்று கேட்காதீர்கள், பிடிபடாமல் ஓடுகின்றன, அவ்வளவுதான். ராணுவம் போல் வேஷம் போட்ட வண்டி ஒரு சோதனைச் சாவடியில் எவ்வளவு பெரிய குழப்பத்தை உண்டாக்கும் என்று சீருடையில் இருந்தவனாகச் சொல்கிறேன், இந்த விதி நியாயமானது. பாலைவன மணல் நிறமோ சாம்பலோ அடியுங்கள், நன்றாகவே இருக்கும். அம்புக்குறி நம்பர், படைப்பிரிவுச் சின்னம், நட்சத்திரத் தகடு எதுவும் வேண்டாம்.

போர்க்கால அமெரிக்க ஜீப் என்றால் ஸ்டியரிங் இடது பக்கம் இருக்கும். அதற்கும் வழி இருக்கிறது. 120-ஆம் பிரிவு, முறையான சிக்னல் சாதனம் வேலை செய்யும் நிலையில் இருந்தால் இடதுபக்க ஸ்டியரிங் வண்டியையும் பொது இடத்தில் ஓட்ட விடுகிறது. ஆகவே ஸ்டியரிங்கை மாற்றுகிறேன் என்று வண்டியைக் கெடுக்காதீர்கள். இண்டிகேட்டர், பிரேக் லைட், பின்பக்க ரிஃப்ளெக்டர், ரியர்வியூ கண்ணாடி, ஹாரன் ஆகியவற்றைப் பொருத்துங்கள். பழைய வில்லிஸ் 6 வோல்ட் மின்சாரத்தில் ஓடுவது, கடையில் கிடைக்கும் 12 வோல்ட் பல்பை அப்படியே மாட்டினால் மங்கலாகத்தான் எரியும். எர்த் இணைப்புகளைச் சுத்தமாகத் தேய்த்து, 6 வோல்ட் பல்பே தேடிப் போடுங்கள்.

இதைவிட முக்கியமானது என்ஜின். நம்ம பக்கம் வால்பாறை, டாப்ஸ்லிப் எஸ்டேட்களில் ஓடிய ஜீப்புகள் பலவற்றில் பெட்ரோல் என்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் ஏற்றிவிட்டார்கள். மலையேறவும் செலவுக்கும் அது அவர்களுக்குச் சரியாக இருந்தது. இன்றைக்கு அது ஆர்.சி.யில் ஏறாமல் இருந்தால் குற்றம். 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் இதை இறுக்கமாகவே உறுதி செய்தது. அதே வருடம் வந்த சட்டத் திருத்தத்தில், மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ என்று வைத்துவிட்டார்கள். பெரிய டயர், இரும்பு பம்பர், கூடுதல் லைட் என்று ஏற்றிக்கொண்டே போகும் தம்பிகள் இதை ஒரு தடவை படித்துவிட்டால் நல்லது.

மாற்றாமல் வைத்திருந்தால் அதற்குப் பலனும் உண்டு. 2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்கென்று தனி விதிகள் கொண்டுவந்தது. முதல் விற்பனைக்குப் பிறகு நடந்த முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய டூ வீலரும், சொந்த உபயோகத்துக்கான காரும் ஜீப்பும் இதில் வரும். சேஸ், பாடி, என்ஜின் மூன்றும் பெரிதாக மாறாமல் இருக்க வேண்டும். மாநில எழுத்துக்குப் பிறகு 'விஏ' என்று வரும் தனி வரிசை நம்பர் கொடுப்பார்கள். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். மறுபதிவுக்கு 5,000. ஏற்கனவே பழைய ஆர்.சி. இருக்கும் வண்டிக்கு அதன் பழைய நம்பரே தொடரலாம். ஒரு கட்டுப்பாடு: அந்த வண்டியைத் தினசரி ஓட்டக் கூடாது, வாடகைக்கும் விடக் கூடாது. கண்காட்சி, பேரணி, ஆராய்ச்சி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது, இவற்றுக்காக மட்டும் ரோட்டில் இறக்கலாம். கல்யாண போட்டோ ஷூட்டுக்குக் காசு வாங்கிக்கொண்டு விட்டால் விதிமீறல்.

ராணுவ வண்டிக்கு இதில் ஒரு நுணுக்கம் உண்டு. 50 வருடக் கணக்கு வண்டி தயாரான தேதியிலிருந்து ஓடுவதில்லை, பதிவுத் தேதியிலிருந்து ஓடுகிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ராணுவத்துக்குத் தேவைப்படாமல் டிஸ்போசலில் விற்கப்பட்டு, 1950-களிலேயே சிவில் நம்பர் வாங்கிய வில்லிஸுக்கு எந்தச் சிக்கலும் இல்லை. ஆனால் 1970-இல் தயாராகி, 1995-இல்தான் ஏலத்தில் வெளியே வந்த ஜோங்கா என்ற ராணுவ ஜீப்புக்கு, எழுத்துப்படி பார்த்தால் இன்னும் நாள் இருக்கிறது.

எந்த வண்டி என்று கேட்டால், முதல் முறையாக இறங்குபவருக்கு நான் சொல்வது, ஏற்கனவே சிவில் ஆர்.சி. உள்ள பெட்ரோல் ஜீப். வில்லிஸ், அல்லது மஹிந்திரா செய்த சிஜே-3பி. உதிரி பாகம் கிடைக்கும், எளிமையான என்ஜின், கோயமுத்தூரில் கை பழகிய மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். ஜோங்கா கம்பீரமான வண்டி. நிசான் வடிவமைப்பில் ஜபல்பூர் தொழிற்சாலையில் 1969 முதல் 1999 வரை செய்தார்கள். கிட்டத்தட்ட நாலு லிட்டர் ஆறு சிலிண்டர் பெட்ரோல் என்ஜின், குடிக்கிற எண்ணெயைப் பார்த்தால் வீட்டில் பேச்சு வாங்குவீர்கள். ஆனால் அந்தச் சத்தத்துக்கு நிகர் இல்லை. சக்திமான் என்ற ராணுவ லாரியை ஆசைக்காக வாங்காதீர்கள், அது சரக்கு லாரி, விண்டேஜ் வரிசையிலும் வராது.

இப்போது நேராக ஏலத்தில் எடுத்துப் புதிதாகப் பதிவதுதான் கடினமாகிவிட்டது. 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-4 என்ற புகைத் தரத்தில் உள்ள வண்டிகளைப் பதியக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் சொன்ன பிறகு, அதைவிடப் பழைய புகைத் தரத்தில் உள்ள வண்டி சிவில் பதிவுக்கு முதல் முறையாக வரும்போது அதிகாரிகள் தயங்குகிறார்கள். அதனால் எம்.எஸ்.டி.சி. என்ற மத்திய அரசு நிறுவனம் நடத்தும் ஏலத்தில் முன்பணம் கட்டும் முன், நீங்கள் பதியப்போகும் ஆர்.டி.ஓ. ஆபீஸிலேயே வண்டியின் வகை, வருடம், எரிபொருள் மூன்றையும் எழுதிக் கொடுத்து, எழுத்தில் பதில் கேளுங்கள். வாய்வார்த்தையை நம்பி ஏலத்தில் குதிக்க வேண்டாம், அடுத்த அதிகாரி வந்தால் அந்த வார்த்தைக்கு மதிப்பிருக்காது. பதில் சாதகமாக வந்தால் ஏல அறிவிப்பிலேயே அந்த லாட்டில் உள்ள வண்டி ஓட்டத் தகுதியானதாக விற்கப்படுகிறதா, வெறும் கழிவாக விற்கப்படுகிறதா என்று பாருங்கள். கழிவு என்றிருந்தால் ஃபார்ம் 21-ஐ எதிர்பார்க்காதீர்கள், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்த லாட்டைத் தொடாதீர்கள்.